வானளாவிய அதிகாரம்

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் அதட்டலாகப் பேசினால் அப்பா உடனே, "இவருக்கு வானளாவிய அதிகாரம்ல இருக்கு" என்பார். டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் இருந்த சித்தப்பாவுக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. அது தமிழக சட்டசபையின் முன்னாள் சபாநாயகர் பி.எச்.பாண்டியன் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நெல்லைச் சீமைக்காரர், வக்கீல். 1977-லிருந்து சேரன்மகாதேவியில் அ.தி.மு.க. சார்பில் தொடர்ந்து ஜெயித்தவர். துணை சபாநாயகராக இருந்துவிட்டு 1985-ல் சபாநாயகர் ஆனார். சபாநாயகர் என்றால் 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர் என்றுதானே நாம் நினைப்போம். இவர் அந்த நாற்காலிக்கு வானளாவிய அதிகாரம் உண்டு, அதற்கு எல்லையே கிடையாது என்று நம்பினார், நம்பியதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டப் பிரிவின் நகலை எரித்ததற்காக அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. எம்.எல்.ஏ.க்களின் பதவி ஒரே மூச்சில் போனது.

அடுத்தது ஆனந்த விகடன். 1987-ல் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி, அவ்வளவுதான் விஷயம். சபையை அவமதித்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் பாலசுப்ரமணியன் மாட்டேன் என்றார், சபாநாயகர் அறிவித்தது மூன்று மாதம் கடுங்காவல். ஒரு அட்டைப்பட ஜோக்குக்கு! நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் கொதித்துப்போனதில் மூன்று மாதம் சில நாளில் முடிந்தது. ஆசிரியர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார், 1994-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அந்த ஜோக்கை அந்த வாரமே மறந்திருப்பார்கள், இவர்தான் சாகாவரம் கொடுத்தார்.

இதையெல்லாம்கூட வீம்பு என்று சொல்லித் தள்ளிவிடலாம். 1988 ஜனவரி 28-ஐ என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம் ஆகிறது, கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகக் கிடக்கிறது, எம்.ஜி.ஆரின் மனைவியும் புது முதல்வருமான ஜானகி நம்பிக்கை வாக்குக் கோருகிறார். சபைக்குள் அடிதடி, அப்புறம் போலீஸே உள்ளே புகுந்து தடியடி. அதற்கு நடுவே தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார் சபாநாயகர். இரண்டு நாளில் ஆட்சியே கலைக்கப்பட்டது. ஜானகி முதல்வராக இருந்தது மொத்தம் 24 நாள்.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. 1989 தேர்தலில் அவர் இருந்த ஜானகி அணி மண்ணைக் கவ்வியது, ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார், ஆனால் சேரன்மகாதேவியில் பாண்டியன் ஜெயித்துவிட்டார். சென்னையில் ஊரே திட்டிய மனுஷனுக்கு ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் மறுபடியும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 'நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் மெட்ராஸையே ஆட்டிவைக்கிறான்' என்ற பெருமையாக இருக்குமோ என்பது என் ஊகம். எங்கள் பக்கத்தில் அந்தப் பெருமைக்கு விலை அதிகம்.

அப்புறம் அவரும் ஜெயலலிதாவிடமே போய்ச் சேர்ந்தார். 1999-ல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். பழைய கதையை இரண்டு பேருமே மறந்த மாதிரி நடந்துகொண்டார்கள், அரசியலில் அது ஒரு தனித் திறமை.

கடைசியாக நான் அவரை டிவியில் கவனித்துப் பார்த்தது 2017 பிப்ரவரி 7 அன்று. மகன் மனோஜ் பாண்டியனோடு உட்கார்ந்து, சசிகலா முதல்வராகக் கூடாது, ஜெயலலிதா சாவில் சந்தேகம் இருக்கிறது என்று நிருபர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரிதான், முதல்வர் பதவியை ராஜினாமா செய்திருந்த ஓ.பி.எஸ். மெரினாவில் ஜெயலலிதா சமாதிக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். கட்சியில் பெரிய தலைகள் எல்லாம் வாயைத் திறக்காத நேரத்தில் முதலில் பேசிய தைரியத்தை நான் மறுக்கமாட்டேன்.

2020 ஜனவரியில் அவர் காலமான செய்தி வந்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எம்.ஜி.ஆர். ஆளுப்பா" என்றார். அன்றைக்கு அந்தக் கிண்டலைச் சொல்லவில்லை. மறுநாள் ரிமோட்டுக்குச் சண்டை வந்தபோது சொன்னார்.