அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் அறுநூறு கிலோமீட்டர்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தகரத்துக்கு மேல் டிஷ் பூட்டுகிறவர்களுக்கு, விண்வெளியில் செய்மதிகளின் நெரிசல் ஸ்பேனர் முனையில் தெரியும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வை ஒரு பாகை திரும்பும். செய்மதி நிற்கும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது 600 கிலோமீட்டருக்கு மேல். தென்மேல் பருவக்காற்றில் நட்டு சற்றுத் தளர்ந்தாலே போதும், "அண்ணே, படம் கட்டம் கட்டமா உடையுது" என்று கோல் வந்துவிடும்.

உடனே டிஷ்ஷைத் திருப்பக் கூடாது. தூண் நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் பாகை எண்ணை நம்ப முடியாது. தகரத்தின் மேல் வைத்த கொம்பஸும் அப்படித்தான். முற்றத்தில் இறங்கித் திசை பிடிக்க வேண்டும். பிறகு வயர் முனை: பனி ஈரம் இறங்கியிருந்தால் உள்கம்பி கறுத்திருக்கும், வெட்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சில நிமிடம் படம் போவது பழுதில்லை. செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வருகிறது, நட்டில் கைவைக்காதீர்கள்.

சின்ன டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய மூன்று பாகை அகலம். கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையிலும் 95 பாகையிலும் நிற்கும் செய்மதிகள் இரண்டும் அதற்குள் விழும். அலைவரிசையையும் முனைவாக்கத்தையும் (அலை அதிரும் திசையையும்) பங்குபோட்டு வைத்திருப்பதால்தான் ஒன்றோடொன்று கலப்பதில்லை. டிஷ்ஷுக்கு முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி.யைத் திருகுவது இதற்காகத்தான். நிலநடுக்கோட்டுக்கு நாம் பக்கம் என்பதால், சென்னைக்குச் சரியான திருகல் இங்கே சரிவராது.

இந்தச் செய்மதிகள் பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் வளையம் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒன்றே ஒன்று. 1976இல் பொகோட்டாவில் கூடிய நிலநடுக்கோட்டு நாடுகள் சில, தங்கள் தலைக்கு மேலுள்ள துண்டு தங்களுடையது என்றன, எடுபடவில்லை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிந்துதான் இடம் எடுக்க வேண்டும். அங்கே இழுத்துவிழுத்தக் காற்றும் இல்லை. அதனால் செய்மதியின் ஆயுள் முடியுமுன், சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஒதுங்க எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டும்.

தாழ்வான பாதைகளில் கணக்கு வேறு. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் செய்மதிகள் சுற்றும் சுமார் 500 கிலோமீட்டரில், கெட்டுப்போன செய்மதியை மெல்லிய காற்றே சில வருடங்களில் இறக்கிவிடும். ஆபத்து அதற்கும் மேலே. 2009 பெப்ரவரியில் இரிடியம் 33உம் செயலிழந்த கொஸ்மோஸ் 2251உம் மோதிய உயரம் சுமார் 790 கிலோமீட்டர். அந்தச் சிதறல்களில் பல இன்னும் சுற்றுகின்றன.

பழைய டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரு பொட்டு போதும். ஸ்டார்லிங்க் போல ஓடும் செய்மதிகளைத் தொடரும் தட்டுக்கோ அகன்ற வானம் வேண்டும். லயத்துக்கு மேலே நிற்கும் சவுக்கு மரம் அதில் பாதியை மறைத்துவிடும், அந்தக் கிளையை வெட்டவும் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும்.