ஸ்டென்டும் நார்த்தங்காயும்

திருவனந்தபுரத்தில் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்கூடு) வைத்துக்கொண்டு செங்கோட்டைக்குத் திரும்பி 40 நாள் ஆகிறது. மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் விட்டார்கள். ஒரு வாரம் அந்தக் கையால் குடம் தூக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது காலையில் குண்டாறு சாலையில் 30 நிமிட நடை. சாரல் பிடித்துக்கொண்டால் திண்ணையிலேயே.

மாத்திரைதான் பெரிய விஷயம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கின்றன. எனக்கு 12 மாதம் எழுதியிருக்கிறார்கள். பல் பிடுங்கப் போனால், "5 நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்றார் பல் டாக்டர். நல்லவேளை, இதய டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். "நிறுத்தண்டா! ஸ்டென்ட் அடைச்சுப் போகும்" என்று பாதி மலையாளத்தில் சத்தம் போட்டார். சரி, பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

அப்புறம், மதினி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. உப்பு ஆகாதென்று வீட்டுக்காரி எங்கே ஒளித்தாள் என்றுதான் தெரியவில்லை.