சின்ன வெங்காய வேர்நுனியில் கலப்பிரிவு: மூன்று சுற்றுச் செய்துபார்த்தது

முதற்சுற்று வேருக்கே போய்விட்டது. கடையில் வாங்கிய பெரிய வெங்காயம் பல வேரே விடவில்லை. களஞ்சியத்தில் முளைக்காமலிருக்க வெங்காயத்துக்கு மருந்து அடிப்பதுண்டு. அது தடுப்பது கலப்பிரிவைத்தான். கிளிநொச்சிச் சந்தையில் எடுத்த உள்ளூர்ச் சின்ன வெங்காயம் மூன்றாம் நாளே வேர் விட்டது. காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடித்தட்டு மட்டும் தண்ணீரில் படும்படி போத்தல் வாயில் வைக்க வேண்டும். தட்டையே சீவினால் வேர் வராது.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்த போத்தலில் தண்ணீர் சூடாகி, நுனிகள் பழுப்பேறி வழுவழுத்தன. மண்பானையடி ஈரமணலில் பாதி புதைத்த போத்தலில் வேர் பால்வெள்ளையாக வந்தது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். 1 முதல் 2 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டலாம்.

இரண்டாம் சுற்றில் நிலைப்படுத்தல், அதாவது கலங்களை இருந்த நிலையிலேயே நிறுத்திப் பதப்படுத்துவது. எதனோல் 15 மில்லிலீற்றர், செறிந்த அசற்றிக் அமிலம் 5 மில்லிலீற்றர், வெட்டுகிற அன்றே கலக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் தாக்கமுற்றுக் கெட்டுவிடும். சமையல் வினாகிரியில் அமிலம் ஏறக்குறைய 5 வீதம்தான், உதவாது. 24 மணித்தியாலம் ஊறிய வேரை 70 வீத எதனோலுக்கு மாற்றிக் குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

கூடுதலாகப் பிழை வந்தது வேரை மென்மையாக்கும் இடத்தில். 1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம், 60 பாகை, 5 முதல் 8 நிமிடம். கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரினை அமிலம் கரைக்கிறது. குறைந்தால் கலங்கள் செங்கல் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கூடினால் நுனி இடுக்கியிலேயே கரைந்துபோகும். மின்சார வெப்பத்தொட்டி இல்லாதவர்கள் கொதிநீரும் கிணற்றுநீரும் சம அளவாகப் பிளாஸ்க்கில் ஊற்றலாம். 65 பாகைக்கு அண்மையாக வந்து, கொஞ்சம் ஆறினால் 60. வெப்பமானியால் பார்த்துவிட்டே அமிலக்குழாயை இறக்குங்கள்.

கழுவியபின் நுனியில் 1 முதல் 2 மில்லிமீற்றர் மட்டும் வெட்டி, வழுக்கியில் (நுணுக்குக்காட்டிக்கான கண்ணாடித் தகடு) நிறமூர்த்தங்களுக்குச் சாயமேற்றும் அசற்றோகார்மைன் ஒரு துளியில் 10 நிமிடம் விட வேண்டும். இரும்பு ஊசியால் அந்தத் துளியிலேயே கிளறினால் சாயம் கறுத்து ஏறும். அளவு மீறினால் கரும்படிவு விழும். மூடுகண்ணாடி வைத்து, மேலே வடிதாள் விரித்து, பெருவிரலால் நேராக அழுத்துங்கள். சற்றே பக்கவாட்டில் அசைந்தாலும் கலங்கள் சுருண்டுவிடும்.

மூன்றாம் சுற்றில்தான் படம் தெளிந்தது. நுணுக்குக்காட்டியின் 40 மடங்குப் பொருள்வில்லையில், நிறமூர்த்தங்கள் (டி.என்.ஏ. அடங்கிய நூல்கள்) கருவுக்குள் நூலுருண்டை போலச் சிக்கிக் கிடந்தால் முன்னவத்தை, பிரிவின் முதற்கட்டம். நடுக்கோட்டில் நிரையாக நின்றால் அனுவவத்தை. மேன்முக அவத்தைதான் கண்ணுக்கு விருந்து: இரண்டு பக்கமும் 16, 16 ஆக நிறமூர்த்தங்கள் வளைந்து இழுபடுகின்றன. ஈற்றவத்தையில் நடுவே மெல்லிய கலத்தட்டு தெரியும்.

மிகுதிக் கலங்கள் பெரும்பாலும் இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட இடையவத்தையில் இருக்கும். கலம் பருப்பதும் டி.என்.ஏ. இரட்டிப்பதும் அப்போதுதான். ஆனால் அதன் உட்கட்டங்களை ஜி1, எஸ், ஜி2 என்று இந்தச் சாயத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி எழுதினால் தவறு.

எண்ணும்போது சதுரக் கலங்களை மட்டும் எடுங்கள். நீண்ட கலங்கள் பிரிவை விட்டு நீட்சிக்குப் போனவை. அவற்றையும் சேர்த்தால் வீதம் பொய்யாகக் குறையும். 400 கலத்தில் 36 பிரிவில் இருந்தால் 9 வீதம். வழுக்கிக்கு வழுக்கி எண் மாறும் என்பதால் மூன்று நான்கு வேரிலாவது எண்ணுங்கள்.

நிறமூர்த்தங்களை அனுவவத்தையிலேயே நிறுத்திவைக்கும் கொல்சிசின் நம்மூர் வேலிகளில் படரும் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் உண்டு. நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்நார் உருவாவதை அது தடுக்கிறது. அந்தக் கிழங்கை இடித்துச் சாறெடுத்துப் பார்க்க ஒருவரும் முயல வேண்டாம். ஆளையே கொல்லும் நஞ்சு. நன்றாக அழுத்திய வழுக்கியில் அது இல்லாமலே 16ஐயும் எண்ணலாம்.