ஃபார்மில் என்ன இருக்கிறதோ அதுதான்

மருத்துவ ஆய்வுகளைச் செய்யலாமா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியில் சட்ட உறுப்பினரிடம் யாரும் விளக்கவுரை எதிர்பார்ப்பதில்லை. செய்யலாமா, கூடாதா என்று ஒரு பதில் வேண்டும். அதை மினிட்ஸில் எழுதிக்கொண்டு அடுத்த புரோட்டோகாலுக்கு, அதாவது அடுத்த ஆய்வுத் திட்டத்துக்குப் போக வேண்டும். வகுப்பில் ஒரு தீர்ப்பை ஒரு வாரம் நடத்திப் பழகிய எனக்கு ஆரம்பத்தில் அது கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மெடிசின் பேராசிரியர் அன்றைக்கு, "சட்டப்படி அந்தம்மாகிட்ட சொல்லலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்று கேட்டபோது உடனே சொல்லிவிட்டேன்: "ஃபார்ம்ல என்ன இருக்கோ அதுதான் டாக்டர்."

உடனே சொன்னேன் என்பதால் யோசிக்காமல் சொன்னேன் என்று ஆகாது. ஆய்வில் சேர்பவர்கள் கையெழுத்துப் போடும் அந்தச் சம்மத ஃபார்மை வரி வரியாகப் படித்துத் திருத்தியவள் நான். "இந்த ஆய்வின் முடிவுகள் உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கப்படமாட்டாது" என்ற வாக்கியம் என் கேள்வியால் வந்தது. முதலில் அங்கே "தேவைப்பட்டால் தெரிவிக்கப்படும்" என்று இருந்தது. யாருக்குத் தேவைப்பட்டால்? தேவை என்று முடிவு செய்வது யார்? எதை வேண்டுமானாலும் செய்துகொள்ள இடம் விடும் அந்த மாதிரி வாக்கியத்தை எந்த வக்கீலும் விட்டுவைக்கமாட்டார். இன்றைக்கு அதே வரைவு வந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

ஆய்வு சர்க்கரை நோயைப் பற்றியது. சிலருக்கு ஏன் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது என்று பார்ப்பதற்காக மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் ரத்தம் எடுத்து, உயிரியல் துறை லேபில் ஜீன்களைப் படித்தார்கள். சந்தேகப்படுகிற நாலைந்து ஜீன்களை மட்டும் பார்க்கிற காலம் போய்விட்டது. புரதத்துக்கான பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் படித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் படித்தால் தேடாததும் கண்ணில் படும். ஒரு சாம்பிளில், பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 ஜீனில் 185டெல்ஏஜி என்கிற மாற்றம் இருந்தது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் அடிக்கடி காணப்படுவது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் மாற்றம் அது. தென்னிந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடமும் பலமுறை கண்டிருக்கிறார்கள். என்ன அர்த்தம் என்று தெரியாத மாற்றங்கள் ஜீன்களில் ஏராளம். இது அந்த வகை இல்லை.

அந்த சாம்பிளைக் கொடுத்த பெண் எங்களுக்கு ஒரு எண் மட்டுமே. டாக்டருக்கு அப்படி இல்லை. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் அவரிடம்தான் இருந்தது. மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்ள அந்தம்மா அவருடைய ஓ.பி.க்கு வந்து போய்க்கொண்டிருந்தார். "ஒரு பொண்ணு இருக்கு மேடம், கூட்டிட்டு வருவாங்க" என்றார் டாக்டர். தாயிடம் இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கும்தான். பலர் இதைப் பெண்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லேபில் இருந்து வந்த பேராசிரியர் டாக்டருக்கு நேர் எதிராகப் பேசினார். பேச்சில் ஈரமே இல்லாதவர் என்று அன்று நினைத்தேன். இப்போது அவர் சொன்னவற்றைத்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ளவருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர 72 சதவீத வாய்ப்பு, சினைப்பைப் புற்றுநோய்க்கு 44 சதவீதம் என்று 2017இல் வந்த பெரிய ஆய்வைக் காட்டினார் டாக்டர். "அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்கள், அதிலும் ஏற்கெனவே புற்றுநோய் இருந்த குடும்பங்கள். சர்க்கரைக்காக வந்த நம்மூர் அம்மாவுக்கு அந்த நம்பரை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார் இவர்.

அப்புறம் எம்.ஒய்.பி.பி.சி.3 கதையைச் சொன்னார். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான ஜீன். அதில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது, அது இதயத் தசை நோய்க்கான ஆபத்தை நன்றாகக் கூட்டுகிறது என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தது. மதுரை ஆய்வாளர்களும் பங்கேற்றது. நூற்றில் நாலு பேர் என்றால் இந்த நாட்டில் கோடிக்கணக்கில். பத்து வருடம் கழித்து வந்த ஆய்வுகள், அந்த விடுபடலோடு சிலரிடம் மட்டும் கூடவே வரும் வேறு மாற்றங்கள்தான் நோய்க்குக் காரணமாக இருக்கும் என்றன. "அன்னிக்கே எல்லாருக்கும் லெட்டர் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆனால் அது எம்.ஒய்.பி.பி.சி.3. பி.ஆர்.சி.ஏ.1 ஜீனை 1994இலிருந்து உலகமே புரட்டிப் பார்த்துவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது நியாயமில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. அறிவியல் பக்கம் நான் வாய் திறப்பதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை யாராலும் தள்ள முடியவில்லை. ஆராய்ச்சி லேபில் ட்யூப் மாறியிருக்கலாம், லேபிள் மாறியிருக்கலாம். ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால் புதிதாக ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். புதிதாக ரத்தம் எடுக்க அவரைக் கூப்பிட வேண்டும். "எதுக்கு டாக்டர்?" என்று கேட்பார். என்ன சொல்வது?

"தெரிஞ்சுக்க விரும்புறீங்களான்னு மட்டும் கேட்டா?" என்றார் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"உங்க ரிப்போர்ட்ல ஒண்ணு இருக்கு, தெரிஞ்சுக்கணுமான்னு கேட்டா அதுவே பாதி சொன்ன மாதிரிதானே சார்" என்றேன். கமிட்டியில் நான் பேசியதில் இது ஒன்று தேறும் என்று நினைக்கிறேன்.

டாக்டரின் கேள்வி வந்தது இதற்குப் பிறகு. அவரும் கமிட்டி உறுப்பினர். தன் ஆய்வு பற்றி முடிவெடுக்கும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. எழுந்து போகும் முன் கேட்டார், நான் பதில் சொன்னேன், கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். பார்த்தாரா இல்லையா என்று எனக்கு நினைவில்லை, நான் அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். தேடாமல் கிடைக்கும் முடிவுகளை என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்கிறது 2017 வழிகாட்டி. எங்களிடம் திட்டம் இருந்தது. சொல்வதில்லை என்பது திட்டம்.

சட்டம் அவ்வளவு தெளிவாகத்தான் இருந்ததா என்று கேட்டால், இல்லை. வகுப்பில் நடத்தும்போது இதே விஷயத்தில் இரண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவேன். 2008இல் சமீரா கோலி வழக்கு: எதற்குச் சம்மதம் வாங்கினீர்களோ அதற்கு மட்டும்தான் அது செல்லும், நோயாளிக்கு நல்லது என்று டாக்டர் நினைப்பது போதாது. 1998இல் 'மிஸ்டர் எக்ஸ்' வழக்கு: ரத்த தானம் செய்யப்போனவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அவர் கல்யாணம் செய்யவிருந்த பெண்ணுக்குத் தெரியவந்தது தவறில்லை, அவள் உயிரும் உயிர்தான் என்று நீதிமன்றம் சொன்னது. முதல் வழக்கைப் பிடித்துக்கொண்டு நான் பதில் சொன்னேன். இரண்டாவதை யாராவது எடுத்திருந்தால் மகளைப் பற்றி வாதாடியிருக்கலாம். எடுத்திருக்க வேண்டியது யார் என்று பார்த்தால், அறையில் சட்டம் படித்தவள் நான் ஒருத்திதான்.

எடுத்திருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. அந்த வழக்கில் கல்யாணம் என்கிற ஆபத்து கண்ணெதிரே இருந்தது. இங்கே இருப்பது ஒரு சாத்தியம், அதுவும் உறுதி செய்யப்படாதது. லண்டனில், பிள்ளைகளுக்கும் போகக்கூடிய ஹன்டிங்டன் என்ற மூளை நோய் வந்த தகப்பனைப் பற்றி அவருடைய மகளிடம் சொல்லாத டாக்டர்கள் மீது போட்ட வழக்கிலும், மகளின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு உண்டு என்று 2020இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு அவர்கள் சொல்லாமல் விட்டது தவறில்லை என்றும் தீர்த்தது. எனக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் அந்த டாக்டர்கள் எடைபோட்டுப் பார்த்திருந்தார்கள். நான் போட்டது எடையா, ஃபார்மைச் சுட்டிக்காட்டியது மட்டுமா என்பதுதான் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது. மரபணு பற்றிய தகவலை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008இல் தனிச் சட்டமே போட்டார்கள். இங்கே 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு இன்சூரன்ஸ் வழக்கில் அந்தத் திசையில் பேசியது. தனிச் சட்டம் கிடையாது. தெரிந்துவிட்டால் இனி ஒவ்வொரு படிவத்திலும் அந்தம்மா அதை எழுத வேண்டுமா, மறைத்தால் கிளெய்ம் போய்விடுமா? இதை டாக்டர்கள் யோசிப்பதே இல்லை. யோசிக்கத்தான் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. அவரை மட்டும் கூப்பிட்டால்தானே சந்தேகம் வரும், ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் கூப்பிடுவோம். புதுப் பக்கம் ஒன்று சேர்த்து, தேடாத ஏதாவது கிடைத்தால் சொல்லட்டுமா, வேண்டாமா, உங்கள் குடும்ப டாக்டரிடம் சொல்லட்டுமா என்று மூன்று கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவோம். எல்லோருக்கும் பிடித்துப்போனது. தமிழில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். திருத்தம் ஒப்புதலாகி, பணம் தேடி, ஆட்களை வரவழைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆனது. அதுவரை அந்தம்மா ஓ.பி.க்கு வந்தார், ரத்த சர்க்கரை பார்த்தார், போனார்.

அவர் 'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டார்.

கமிட்டிக்கு வந்த அறிக்கையில் இத்தனை பேர் சரி என்றார்கள், இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் இருந்தது. 'வேண்டாம்' என்றவர்களில் அந்தம்மாவின் எண்ணும் இருந்ததைச் சொன்னது டாக்டர், மாடிப்படியில், கூட்டத்துக்கு வெளியே. "நாம அவங்களைக் கேட்டோம், அவங்க சொல்லிட்டாங்க. முறைப்படி எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார். குத்திச் சொன்ன மாதிரி இல்லை. அதனால் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காகத்தான் அவ்வளவு சுற்றினோம். அவர் அதைப் பயன்படுத்தினார். எதை வேண்டாம் என்றார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது வேண்டாம் என்று ஆகாது. இதை எப்படிப் புரட்டினாலும் ஓட்டை என் பக்கம் இல்லை என்று காட்டிவிடலாம். காட்டியும் இருக்கிறேன், முதுகலை மாணவர்களுக்கு, பெயர் எண் எதுவும் இல்லாமல். ஒரு மாணவி, "வேண்டாம்னு டிக் பண்ணினவங்க எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படிச்சாங்க மேம்?" என்று கேட்டாள். படித்துக் காட்டினோம், சாட்சி இருந்தார், பதிவு இருக்கிறது என்றேன். ஓ.பி. நேரம், பின்னால் வரிசை, பஸ் பிடிக்க வேண்டும், எதுவோ கேட்கிறார்கள், வேண்டாம் என்றுவிட்டால் சீக்கிரம் போகலாம் என்று ஒருவர் நினைத்திருக்க மாட்டாரா என்பதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டர் அன்று மாடிப்படியில் இன்னொன்றும் சொன்னார். "இப்பல்லாம் என் ஓ.பி.ல முப்பது வயசு தாண்டின எல்லா லேடீஸுக்கும் மார்புப் பரிசோதனைக்கு எழுதிடறேன். அரசாங்கமே செய்யச் சொல்றதுதானே." ஆமாம், தேசியத் திட்டத்தில் இருக்கிறது. ஒருவருக்காக இல்லை, எல்லோருக்கும். எங்கள் கமிட்டி கண்டுபிடித்த அதே தந்திரம். அந்தப் பரிசோதனை சினைப்பையைப் பார்க்காது, மகளுக்கு ஒன்றும் சொல்லாது, இப்படி ஒரு மாற்றம் உள்ளவருக்குத் தேவைப்படும் எம்.ஆர்.ஐ. கண்காணிப்புக்கு ஈடாகாது. அவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். பரிசோதனைக்கு எழுதும்போது அந்தம்மாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை அழுத்திச் சொன்னாரா, பெண்ணையும் கூட்டிவரச் சொன்னாரா என்று கேட்க வாய் வந்தது. அவர் ஆம் என்றால் நான் அதைச் சேர்மனிடம் சொல்ல வேண்டும். சம்மதத்தை மீறியதாகக் கூட்டத்தில் வைக்க வேண்டும். இல்லை என்றால் இன்னும் சங்கடம். "நல்லது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சமீபத்தில் வேறு துறையிலிருந்து ஒரு புரோட்டோகால் வந்தது, இருதய நோய்க்கு. எங்கள் மூன்று கட்டப் பக்கத்தை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள், 'கமிட்டி ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட வாசகம்' என்ற குறிப்போடு. 'வேண்டாம்' கட்டத்துக்குப் பக்கத்தில் "காரணம் கேட்கலாமா?" என்று பென்சிலில் எழுதினேன். காரணம் கேட்பது வற்புறுத்தல் ஆகிவிடும் என்று அழித்தேன். "ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கலாமா?" என்று எழுதினேன். அதுவும் வற்புறுத்தல்தான், ஆனால் அதை அழிக்காமல் மெம்பர் செக்ரட்டரிக்கு அனுப்பியிருக்கிறேன். டாக்டர் இந்த முறை அறையில் இருப்பார்.