வண்டிகள் நிற்காத வளைவுகள்

மலையகத்து வீதியோரக் காட்சி இடங்களை உருவாக்கியவை, இயற்கை அழகு பாதி என்றால், வண்டிகளின் இயலாமை மீதிப் பாதி என்றே நான் நம்புகிறேன். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் வீதி, ஏறக்குறையக் கடல் மட்டத்தில் தொடங்கி 1,868 மீற்றர் உயரத்தில் முடிகிறது. தொண்ணூறுகளில் எங்கள் குடும்பத்திடம் இருந்த பழைய வானால் அந்த ஏற்றத்தை நிற்காமல் ஏற முடியாது. கினிகத்தேனையைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். தண்ணீர் கிடைக்கும் ஒரு வளைவில் அப்பா வண்டியை ஓரங்கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பழைய துணியால் மூடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார். எஞ்சின் ஆறும்வரை நாங்கள் மலையைப் பார்ப்போம். எங்களைப் போலவே மற்ற வண்டிகளும் நின்றதால்தான் அந்த வளைவுகளில் தேநீர்க் கடைகளும், அவித்த சோளம் விற்பவர்களும், தகரக் கூரை போட்ட வடைக் கடைகளும் தோன்றின. அருவி எப்போதும் அங்கே இருந்தது. அதைப் பார்க்கும் இடம் பிறந்தது வண்டி நின்ற பிறகுதான்.

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த மாமா வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, மறுபடியும் ஏறிய போர்க்காலம் அது. அந்தப் பதற்றம் கித்துல்கலைக்குப் பிறகு பெரியவர்களின் முகத்திலிருந்து மெல்ல விலகுவதைப் பிள்ளைகளான நாங்களும் உணர்ந்தோம். கித்துல்கலையில் முதல் தரிப்பு. 1957 இல் வெளியான ஆங்கிலப் போர்த் திரைப்படமொன்றுக்காகக் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்த இடம் அங்கேதான் இருக்கிறது. பாலத்தின் அத்திவாரக் கட்டைகளைத் தவிர அங்கே பார்க்க எதுவுமில்லை. ஆனாலும் அப்பா ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, ரயில் எந்தப் பக்கமிருந்து வந்தது, பாலம் எப்படி விழுந்தது என்பதைக் கையை வீசி விளக்குவார். இன்று கித்துல்கலைக்கு வருகிறவர்கள் ஆற்றில் படகு விடுவதற்காக வருகிறார்கள். பாலத்தைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஹட்டனில் மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கொட்டகலையைக் கடந்தால் எங்கள் பயணத்தின் உச்சம் வந்துவிடும். முதலில் டெவோன். 97 மீற்றர் உயரத்திலிருந்து பாறை முகத்தில் படிப்படியாக இறங்கும் அந்த அருவி, வீதிக்கு எதிரே, பள்ளத்தாக்குக்கு அப்பால் தொங்குகிறது. சற்றுத் தூரம் போனால், தலவாக்கலைக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் முன்னதாகச் சென்கிளேயர். டெவோன் உயரமானது, ஒல்லியானது. சென்கிளேயர் உயரத்தில் அதைவிடக் குறைவு, 80 மீற்றர்தான். ஆனால் இலங்கையின் மிக அகலமான அருவி என்று பெயர் பெற்றது. கொத்மலை ஓயாவின் நீர் முழுவதும் கரும்பாறைமேல் பரவி, பெரியது சின்னது என இரண்டாகப் பிரிந்து, தேயிலை மலைகளின் நடுவே விழும். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவமழை முற்றும் நாள்களில் அதன் இரைச்சல் வண்டிக்குள்ளேயே கேட்கும். எதிரே நின்று பேச வேண்டுமென்றால் சத்தமாகத்தான் பேச வேண்டும். அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகிக் கொழும்புக்கு வந்த பிறகு அந்த அருவியை வருடத்துக்கு ஒருமுறைதான் பார்த்தார்.

மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் ஆற்றை மறித்து அணை கட்டி, நீரை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக நியம்கம்தொரவிலுள்ள நிலக்கீழ் மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உற்பத்தித் திறன் 150 மெகாவாற். சென்கிளேயர், அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையிலான ஆற்றில் இருக்கிறது என்பதுதான் விடயம். நீர் சுரங்கத்துக்குள் போனால் அருவிக்கு வராது. இதை முன்கூட்டியே அறிந்த சூழலியலாளர்களும் மலையக மக்களும் பல வருடங்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முடிவில், பகல் வேளையில் மட்டும் குறிப்பிட்ட அளவு நீரை அருவிக்கு விடுவதென்று உடன்பாடு காணப்பட்டது. அணைக்காகத் தலவாக்கலை நகரத்தின் ஒரு பகுதியும் இடம் பெயர்ந்தது. பல குடும்பங்களுக்கு வேறிடத்தில் புது வீடுகள் கிடைத்தன.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துச் சொன்னார்; 1950 இல் லக்சபான மின் நிலையம் இயங்கியது. கொழும்பில் இருந்த எங்கள் வீட்டின் விளக்குகளும் அந்த நீரில்தான் எரிந்தன. ஆனால் அந்தக் கம்பிகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த காலத்தில், மாமாவின் தோட்டத்துத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் குப்பி விளக்குதான் எரிந்தது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அருவியைக் கொடுத்தவர்களுக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தத் திட்டத்தை வெறும் மெகாவாற் கணக்கில் எடைபோட என்னால் முடியவில்லை.

அண்மையில் மனைவி பிள்ளைகளுடன் மறுபடியும் அந்த வீதியில் போனேன். புதிய காருக்குக் கினிகத்தேனை ஏற்றம் ஒரு பொருட்டாகவே இல்லை. அகலப்படுத்தப்பட்டுச் சீராகத் தார் போட்ட வீதியில், நாங்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய வளைவு எது என்று நான் தேடுவதற்குள் அதைத் தாண்டிவிட்டோம். சென்கிளேயர் எதிரே இறங்கியபோது காலை நேரம். பாறை முழுவதும் வெறுமையாகத் தெரிந்தது. நடுவில் சில வெள்ளைக் கோடுகள் மட்டும் இறங்கின. நீர் ஓடித் தேய்ந்த இடங்கள் கறுப்பாகவும், அவற்றின் ஓரங்களில் புல் முளைத்தும் இருந்தன. முன்பு ஈரம் காயாத விளிம்புகளில் செடிகள் வேர் பிடித்திருந்தன. சோளம் அவித்துக்கொண்டிருந்த அக்காவிடம் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். “நல்லா மழ பேஞ்சு டேம் ரொம்புச்சுன்னா கதவ தொறப்பாங்க தம்பி. அன்னைக்கி வந்து பாருங்க, பழைய மாதிரி கொட்டும். மத்த நாள்ல இவ்ளோதான்,” என்றார். பெரிய பானையின் மூடியைத் தூக்கி, ஆவிக்குள் கையை விட்டு, மஞ்சள் முற்றிய கதிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மடலையே கைப்பிடியாக முறுக்கி, உப்புத் தண்ணீர் தெளித்துத் தந்தார். சுவை மாறவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் நின்ற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் சற்று அப்பாலுள்ள கோட்டை வடிவத் தேயிலை விற்பனை நிலையத்தில் நிறுத்தி, அங்கிருந்தபடியே அருவியை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கூட்டம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது இடம் மாறிவிட்டது. 1921 இல் கட்டப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க என் சிறுவயதில் எவரும் போனதாக நினைவில்லை. இன்று ரயில் வரும் நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடைப்பதில்லை. கைப்பேசியில் பார்த்த படத்தைத் தேடிப்போவது இன்றைய பயணம். வழியில் எதிர்ப்பட்டதை நின்று பார்த்தது எங்கள் பயணம். முன்னதில் குற்றமில்லை, ஆனால் அந்த வரைபடத்தில் இடம்பெறாத தேநீர்க் கடைக்கு அதனால் பிழைப்புப் போகிறது.

திரும்பி வரும்போது கம்பளை வழியாக இறங்கினோம். 109 மீற்றர் உயரமுள்ள றம்பொடை அருவி இன்னும் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆஞ்சநேயர் கோயிலால் அங்கே கூட்டமும் உண்டு. ஆனால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் எதிர்பார்த்தது பூ விற்கும் சிறுவர்களை. ஒரு வளைவில் பூங்கொத்தை நீட்டுவார்கள். வாங்காமல் போனால் தேயிலைச் செடிகளுக்கு இடையே குறுக்குப் பாதையில் பாய்ந்து இறங்கி, அடுத்த வளைவில் நமக்கு முன்னால் நிற்பார்கள். அதற்கும் அடுத்த வளைவில் மறுபடியும். எங்களுக்கு அது வேடிக்கை. வாங்கும்படி அப்பாவிடம் கெஞ்சுவோம். என் வயதுடைய அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது அன்றைய வருமானம். கல்லிலும் சரளையிலும் வெறுங்காலோடு ஓடினார்கள். 2016 இல் நாட்டில் கட்டாயக் கல்விக்கான வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. இந்த முறை ஒரு சிறுவனையும் நான் காணவில்லை, வளர்ந்த இளைஞர் ஒருவர்தான் பூக்களுடன் நின்றார். மறைந்துபோன காட்சிகளில் நான் வருந்தாத காட்சி இது ஒன்றே.

கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கொழும்பு–கண்டி வீதி 1820களில் அமைக்கப்பட்டபோது குடைந்தது அது. இப்போது பிரதான வீதி அதைத் தொடாமல் பக்கத்தால் போகிறது. அப்பா வேண்டுமென்றே பழைய பாதையில் வானைத் திருப்பி, ஹோர்ன் அடித்தபடி உள்ளே நுழைவார். வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பிய கோபுரமும் அருகில்தான் இருக்கிறது. இரண்டையும் மின்னல் வேகத்தில் கடந்துபோகும் பேருந்துகளில் எவரும் தலையைத் திருப்புவதில்லை. இவற்றுக்கு ஓர் ஒழுங்கான வாகனத் தரிப்பிடமும், மூன்று மொழிகளிலும் ஒரு நல்ல விளக்கப் பலகையும் வைத்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

போக விரும்புகிறவர்கள் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான மழை மாதங்களில், ஹட்டன் வழியாக ஏறுங்கள். டெவோனுக்குக் காலை நல்லது. பிற்பகலில் பனிமூட்டம் அதை மறைத்துவிடும். சென்கிளேயருக்குப் பகலில் மட்டும் போங்கள், அதுவும் இரவு முழுவதும் மழை பெய்த மறுநாள் போனால் பலன் கிடைக்கலாம். சோளம் அவிக்கும் அக்காவிடம் அணைக் கதவு கடைசியாக எப்போது திறந்தது என்று கேளுங்கள். அவர் நாள் சொல்வார்.