மின்னொளி கபடி நடத்தும் ஊர்களுக்கு: முதலில் களம்

பொங்கலோ கோயில் கொடையோ வந்தால் தென்மாவட்டச் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடி போட்டி’ சுவரொட்டி ஏறிவிடும். முதல் பரிசு யார் உபயம், சுழற்கோப்பை யார் நினைவாக என்று பாதி ஊரின் பெயர் அதில் இருக்கும். வெளியூர் போன பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். டிராக்டர் வைத்திருப்பவர் மண் அடித்துத் தருவார். ஊரே கூடிச் செய்யும் காரியத்தில் கடைசியாகத்தான் களத்தைப் பார்க்கிறார்கள். முழங்கால் பிசகுவதும் அடிதடி மூள்வதும் அங்கிருந்துதான்.

ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மூலைகளைக் குறித்ததும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 16.4 மீட்டர் வராவிட்டால் களம் கோணல். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு), அதற்கு 1 மீட்டர் பின்னே போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு). நீளவாட்டில் இருபுறமும் 1 மீட்டர் அகலத்துக்கு லாபி என்கிற ஓரப் பட்டை. இது அந்த 10 மீட்டருக்குள் அடக்கம். வெளியே கூட்டிப் போட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு 12-க்கு 8, பாக் லைன் 3 மீட்டர்.

அரை அடி ஆழம் கொத்தி, கல், ஓடு, கண்ணாடிச் சில்லு போகச் சலியுங்கள். மக்கிய எருவும் மரத்தூளும் கலந்து முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கூடினால் வழுக்கும். குறைந்தால் புழுதி பறக்கும்; பாடிப் போகிறவருக்குத் தொண்டை அடைத்துப் பாட்டு அறுந்தால் எதிரணிக்குப் புள்ளி. வெறும் ஆற்றுமணலைக் கொட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். கால் புதைந்து நிற்கும் நேரத்தில் கணுக்காலைப் பிடித்தால் உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது.

கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டால் தோல் வெந்துவிடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலமாவு போதும், 5 சென்டிமீட்டர் அகலம். இரண்டு ஆட்டத்தில் கோடு அழிந்துவிடும். அதனால் முளைகளைக் களத்துக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி அடித்து வைத்தால், 5 நிமிட இடைவேளையில் கயிறு கட்டி மறுபடி போட்டுவிடலாம்.

விளக்கு நான்கு மூலையிலும் உயரத்தில் இருக்கட்டும். ஒரே பக்கத்தில் நட்டால் நிழல் விழுந்து, விரல் பட்டதா இல்லையா என்று நடுவருக்கே தெரியாது. அந்த ஒரு தொடுதல் இரண்டு தெருக்களின் பழைய பகையைக் கிளப்பிவிடும். ஆகவே நடுவர்களும் கோடு பார்ப்பவர்களும் வெளியூர்க்காரர்களாக இருக்கட்டும். குலுக்கல் சீட்டை எல்லா அணித் தலைவர்களும் பார்க்க, மேடையில் வைத்தே எடுங்கள்.