பிரேக் சுவிட்சின் இன்னொரு பாதி

வாரம் இருமுறை ஈரோட்டிலிருந்து கோவைக்குச் சென்று வரும் எனக்கு, பெருந்துறையைத் தாண்டியதும் வேகத்தை 80-இல் நிலைநிறுத்திவிட்டு வலது காலுக்கு ஓய்வு கொடுப்பது பழகிப்போன சுகம். பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய என் டீசல் கார் சென்ற மாசியில் அந்தச் சுகத்தைப் பறித்துக்கொண்டது. ஸ்டீயரிங் பொத்தானை அழுத்தினால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலின் விளக்கு எரியும். அந்த வேகத்தைப் பிடிக்கச் சொல்லும் 'செட்' பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது.

முதலில் காட்டிய பட்டறையில், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் 'கிளாக் ஸ்பிரிங்' என்னும் நாடாக் கம்பி போய்விட்டது என்று சோதிக்காமலே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வண்டியில் க்ரூஸ் பொத்தான்கள் எல்லாம் ஒரே கம்பியின் வழியே, ஒவ்வொன்றும் ஒரு மின்தடை அளவாகத்தான் செய்தி அனுப்புகின்றன. ஒரு பொத்தானுக்கு விளக்கு எரிகிறதென்றால் கம்பி அறுந்திருக்க வாய்ப்புக் குறைவு. மேலும், அந்த இடத்தில் கை வைப்பதற்கு பேட்டரியைக் கழற்றி ஏர்பேக்கையும் அகற்ற வேண்டும் என்பதால், அதைக் கடைசியில் பார்ப்பதே முறை.

பியூஸ் நன்றாக இருந்தது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஒழுங்காக நகர்ந்தது. அடுத்து பிரேக் சுவிட்சைப் பார்க்கச் சொன்னபோது, எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன், "ஏனுங்கண்ணா, பிரேக் லைட்டு நல்லா எரியுதுங்களே, சுவிட்சுல என்னங்க இருக்கப் போகுது?" என்றார். பலரும் ஏமாறும் இடம் இதுதான். அந்தச் சிறு சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருக்கின்றன: ஒன்று, பெடலை மிதித்தால் இணைந்து விளக்கை எரிய வைப்பது, மற்றொன்று, மிதிக்காதபோது இணைந்திருந்து, மிதித்ததும் பிரிந்து க்ரூஸைத் துண்டிப்பது. இரண்டும் தரும் செய்தி முரண்பட்டால், ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்திருக்கக்கூடும் என்று கருதி, வண்டியின் கணினி வேகத்தைப் பிடிக்க மறுத்துவிடும்.

பெடலுக்கு மேலிருந்த சுவிட்சைக் கால்வட்டம் திருப்பிக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தோம். விளக்குக்கான இரு முனைகளும் சரியாக இருந்தன. மற்ற இரண்டில், பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மின்தடை, சுவிட்சை விரலால் தட்டும்போதெல்லாம் ஏறி இறங்கியது. பிறகு உடைத்துப் பார்த்தபோது, செம்புத் தகடு கரி படிந்து, வறுத்த மிளகைப் போல் கறுத்திருந்தது.

பழுதான அந்த இரு முனைகளுக்கு வரும் கம்பிகளை முறுக்கி இணைத்துவிட்டால் சுவிட்சே வேண்டாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பிரேக்கை மிதித்தவுடன் க்ரூஸ் விலகுவதற்கென்றே வைத்த பாதுகாப்பை நாமே அழிப்பதாகும் அது.

புதிய சுவிட்சைப் பொருத்தும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகி, பின் மெதுவாக விட வேண்டும். அதன் முனை பெடலின் உயரத்துக்கு ஏற்பத் தானாகவே அமையும். இதில் தவறினால் பிரேக் விளக்கு விடாமல் எரியும்.

மறுநாள் அதிகாலை, செங்கப்பள்ளியிலிருந்து அவிநாசி வரை போக்குவரத்துக் குறைவாக இருந்த நேரத்தில் சோதித்தேன். 60-இல் 'செட்' பிடித்தது. பெடலை இலேசாகத் தொட்டேன், உடனே விலகியது. கிளட்சைத் தொட்டேன், அப்போதும் விலகியது. இவ்விரண்டையும் மும்முறை உறுதிசெய்த பிறகே 80-க்குப் போனேன்.